ரிட்டையர் ஆனவங்களுக்கு மெடிக்கல் கார்டா, வேற ஏதாவதா? மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடுறேன், நான் இன்சூரன்ஸ் ஏஜண்ட் இல்ல. இருபது வருஷத்துக்கு மேல தோட்டத்து ஆபீஸ்ல கிராணி வேலை பார்த்தேன், சம்பளம், இபிஎப் (ஓய்வுக்கால சேமிப்பு நிதி), சொக்சோ (தொழிலாளர் பாதுகாப்பு நிதி) பேப்பர் எல்லாம் என் கையில தான் இருந்துச்சு, அதனால தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தப்புறமும் பெரியவங்க பாலிசி கடுதாசிய பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடுறாங்க, "இது என்னன்னு கொஞ்சம் படிச்சு சொல்லும்மா"ன்னு. ஒரே கேள்விய பத்து பேர் கேக்குறதால எல்லாத்தையும் இங்க எழுதி வச்சிட்டேன். எங்க அப்பா பால்மரம் வெட்டி கடைசில தண்டலா இருந்து ரிட்டையர் ஆனவரு, அம்மாவும் வெட்டுக்காரங்க தான், அவங்க ரெண்டு பேர் விஷயத்துல நாங்க பட்டதும் இதுல இருக்கு.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி தான் இருக்கே, அப்புறம் எதுக்கு காசு கட்டி மெடிக்கல் கார்ட் (பிரைவேட் ஆஸ்பத்திரி பில்ல கட்டுற இன்சூரன்ஸ்)?

இது நல்ல கேள்வி, எல்லாரும் இதுல இருந்து தான் ஆரம்பிக்கணும். மலேசியக் குடிமகன்னா கவர்மெண்ட்ல சாதாரண வெளிநோயாளிக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி, மருந்து அதுலயே சேர்த்தி. 60 வயசு ஆயிட்டா அந்த 1 வெள்ளி பதிவுக் காசும் கிடையாது. மூணாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி, எத்தனை நாள் படுத்தாலும் மொத்த பில் 500 வெள்ளிக்கு மேல போகாது. இந்த விலைக்கு இவ்வளவு வைத்தியம் கிடைக்கிற நாடு ரொம்ப இல்ல, அத மதிக்காம "கவர்மெண்ட் வேணாம்"னு பேசுறவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, காத்திருக்கிறது. மாரடைப்பு, ஆக்சிடெண்ட் மாதிரி அவசரம்னா உடனே பாப்பாங்க, ஆனா முட்டி, கண்புரை, ஹெர்னியா மாதிரி "இன்னைக்கு செத்துட மாட்ட"ங்கிற வியாதிக்கெல்லாம் தேதி தள்ளி தான் கிடைக்கும், சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரில பாத்துட்டு ஈப்போல இருக்கிற ராஜா பெர்மாய்சூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அங்க பேராக் முழுக்க இருந்து ஆளுங்க வந்து உக்காந்திருப்பாங்க. ரெண்டாவது, சாமான். செயற்கை முட்டி, சில வகை ஸ்டெண்ட், எலும்புக்குப் போடுற பிளேட், இதெல்லாம் பல நேரம் நோயாளியே வாங்கித் தரணும், அந்த 500 வெள்ளிக் கணக்குல அது வராது, ஆயிரக் கணக்குல வரும். நீங்க வாங்கப் போற இன்சூரன்ஸ் இந்த ரெண்டு ஓட்டைய அடைக்கிறதுக்கு தான், கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு பதிலா இல்ல. இத மனசுல வச்சிக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

நான் கவர்மெண்ட் பெஞ்சன்காரன். எனக்கும் வேணுமா?

பெஞ்சன் கார்ட் இருந்தா உங்களுக்கும் உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வைத்தியம் இலவசம், ஆஸ்பத்திரில இல்லாத மருந்து, கருவி வாங்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அதுக்கு ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) மூலமா கேக்கலாம். தமிழ்ப்பள்ளி வாத்தியாருங்க, கேடிஎம் (ரயில்வே), ஜேகேஆர்ல (பொதுப்பணித் துறை) வேலை பார்த்தவங்க நெறைய பேருக்கு இது தெரிஞ்சும் அந்த பாரத்தை நிரப்பாம கைக்காசு போடுறாங்க, தயவு செஞ்சு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க, பில் கட்டினப்புறம் போய் நின்னா கஷ்டம். உங்களுக்கு சொல்லப்போனா தனியா பெரிய மெடிக்கல் கார்ட் அவசியம் கம்மி தான். பிள்ளைங்க அரசாங்க வேலைல இருந்தா அவங்க அப்பா அம்மாவுக்கும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சலுகை உண்டு, அதையும் விசாரிங்க.

தோட்டத்துல முப்பது வருஷம் வேலை செஞ்சேன். கம்பெனி எதுவும் தராதா?

வேலைல இருந்த வரைக்கும் தோட்டத்து கிளினிக், டிரெசர் ஐயா, ஊசி மருந்து எல்லாம் இருந்துச்சு. வேலை நின்னுச்சுன்னா அதுவும் நின்னுச்சு. எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இது, ஏன்னா முப்பது வருஷமா விடியக்காலைல நெத்தில லைட்டக் கட்டிக்கிட்டு மரம் வெட்டி, பாலு சுமந்து முதுகும் முட்டியும் தேஞ்சவங்களுக்கு, அந்த முட்டி சரியா வலிக்க ஆரம்பிக்கிற வயசுல தான் ஒண்ணும் இல்லாமப் போகுது. சொக்சோவும் வேலைல இருக்கிறப்ப நடந்த விபத்து, வேலை செய்ய முடியாத நிலைமை இதுக்கு தான் முக்கியமா, ரிட்டையர் ஆனப்புறம் வர்ற காய்ச்சலுக்கும் கல்லுக்கும் இல்ல. ஆனா வேலையால வந்த காயமோ வியாதியோ ஏற்கனவே சொக்சோல பதிவாகி இருந்தா, அந்த பேப்பர தூக்கிப் போட்டுடாதீங்க.

காசு குடுத்து வாங்குறதுல என்னென்ன வகை இருக்கு?

ஏஜண்ட் வந்து எல்லாத்தையும் ஒரே மூச்சுல "மெடிக்கல்"னு சொல்லிடுவாரு, அது தான் சிக்கலே. பிரிச்சுப் பாத்தா நாலு தான்.

மெடிக்கல் கார்ட்ங்கிறது ஆஸ்பத்திரி பில்ல கட்டுறது. பிரைவேட்ல படுத்தா, லிமிட்டுக்குள்ள, கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு கட்டிடும். கிரிட்டிக்கல் இல்னஸ்ங்கிறது வேற, புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி பழுது மாதிரி லிஸ்ட்ல உள்ள வியாதி (வழக்கமா 36) வந்துச்சுன்னு நிரூபிச்சா மொத்தமா ஒரு தொகை உங்க கையில குடுப்பாங்க, அதை வைத்தியத்துக்கு செலவு பண்ணாலும் சரி, வீட்டு செலவுக்கு வச்சாலும் சரி. மூணாவது ஆஸ்பத்திரி கேஷ், வார்டுல படுக்குற ஒவ்வொரு நாளுக்கும் 50 வெள்ளி 100 வெள்ளின்னு குடுக்குறது, கவர்மெண்ட் வார்டுல படுத்தாலும் உண்டு. நாலாவது பிஏ, விபத்துக்கு மட்டும், பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா குடுக்கும், பக்கவாதம் வந்து விழுந்தா குடுக்காது.

பேரு ஒண்ணு மாதிரியே இருக்கிறதால, கையில கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிய வச்சிக்கிட்டு "எனக்கு மெடிக்கல் கார்ட் இருக்கு"ன்னு நம்பிக்கிட்டு இருந்த ஒரு அண்ணன், பித்தப்பை ஆபரேஷனுக்கு பிரைவேட்ல போய் கவுண்டர்ல நின்னப்ப தான் அவருக்கே தெரிஞ்சுது. வீட்ல இருக்கிற பாலிசிய இன்னைக்கே எடுத்து, "ஷெட்யூல்"னு போட்டிருக்கிற பக்கத்தைப் பாருங்க, அதுல தான் உங்களுக்கு என்ன இருக்குன்னு நேரா எழுதியிருக்கும்.

தனி மெடிக்கல் கார்ட் நல்லதா, இல்ல முதலீட்டோட சேந்து வர்றது நல்லதா?

இதுக்கு கொஞ்சம் பொறுமையா படிங்க, பெரியவங்க அதிகமா ஏமாந்து போற இடம் இது தான்.

தனி கார்ட்னா சேமிப்பு கிடையாது, கட்டுற காசு அந்த வருஷ பாதுகாப்புக்கு மட்டும். வயசு ஏற ஏற பிரீமியம் படிப்படியா ஏறும், அந்த டேபிள் பாலிசிலயே இருக்கும், 60-க்கு எவ்வளவு, 70-க்கு எவ்வளவுன்னு முன்கூட்டியே பாத்துக்கலாம் (அந்த டேபிளும் பின்னாடி மாறலாம், அது வேற விஷயம்). இன்வெஸ்ட்மெண்ட் லிங்க்டுன்னா நீங்க மாசம் கட்டுற காசுல ஃபண்ட் யூனிட் வாங்குவாங்க, மெடிக்கல் கார்ட் அதோட ஒட்டின ரைடர், அந்த ரைடருக்கான செலவை மாசா மாசம் யூனிட்ல இருந்து வித்து எடுத்துப்பாங்க. சின்ன வயசுல அந்த செலவு கம்மி, யூனிட் சேரும். 60 தாண்டினா செலவு கட்டுற காசை விட அதிகமாயிடும், சேத்து வச்ச யூனிட் கரையும். கரைஞ்சு முடிஞ்சா, ஒண்ணு கூடுதலா கட்டணும், இல்லன்னா பாலிசி விழுந்துடும். "மாசம் அதே காசு தானே கட்டுறேன், எப்படி பாலிசி செத்துச்சு?"ன்னு கேட்ட ஆளுங்கள நான் பாத்திருக்கேன்.

எங்க அப்பாவுக்கு என் தம்பி எடுத்துக் குடுத்தது இந்த வகை தான். வருஷா வருஷம் ஒரு ஸ்டேட்மெண்ட் வரும், அப்பா அத பிரிக்காம பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருந்தாரு, பதினோரு கவர். ஒரு நாள் சமையல்கட்டு மேசைல எல்லாத்தையும் பிரிச்சு வரிசையா அடுக்கினேன். யூனிட் மதிப்பு மட்டும் பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டே வந்தேன், மொதல்ல ஏறிக்கிட்டே போச்சு, ஏழாவது கவர்ல நின்னுச்சு, எட்டாவதுல இருந்து இறங்க ஆரம்பிச்சுது. கம்பெனிக்கு போன் பண்ணி நான் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப கட்டுற காசுக்கு இந்த பாலிசி எந்த வயசு வரைக்கும் தாங்கும்?" அவங்க கணக்குப் போட்டு 73-ன்னாங்க. பாலிசி அட்டைல 99 வயசு வரைக்கும்னு போட்டிருக்கு. அந்த 99 வரைக்கும் "நீட்டிக்கலாம்"ங்கிறது தான், காசு தாங்கும்ங்கிறது இல்ல. இப்ப மாசம் கொஞ்சம் கூட்டிக் கட்டுறோம், லிமிட்டையும் ஒரு படி இறக்கிட்டோம்.

என் அபிப்பிராயம் கேட்டா, ஏற்கனவே இந்த வகை இருந்தா விட்டுடாதீங்க, அந்த ஒரு கேள்விய கேட்டு சரி பண்ணுங்க. 60-க்கு மேல புதுசா எடுக்கிறவங்களுக்கு சேமிப்பு சேர நேரமே இல்ல, தனி கார்ட் தான் கணக்கு புரியும்.

கோ-பேமண்ட், டிடக்டிபல்னு சொல்றாங்களே, அது ஏமாத்து வேலையா?

இல்ல, ஆனா புரிஞ்சு எடுக்கணும். கோ-பேமண்ட்னா பில்லுல ஒரு விழுக்காட்ட நீங்க கட்டுறது, டிடக்டிபல்னா பில்லுல மொத ஒரு தொகைய நீங்க கட்டுறது, மிச்சத்த கம்பெனி கட்டும். 2024 செப்டம்பர்ல இருந்து பேங்க் நெகாரா (நாட்டோட மத்திய வங்கி) எல்லா கம்பெனியும் இந்த மாதிரி ஒரு பிளான வச்சிருக்கணும்னு சொல்லியிருக்கு, குறைஞ்சது 5 விழுக்காடு நீங்க கட்டுறது, இல்லன்னா மொத 500 வெள்ளி நீங்க கட்டுறது. அது எடுத்தே ஆகணும்னு இல்ல, அப்படியும் ஒண்ணு இருக்கணும் அவ்வளவு தான். பில் 18,000 வெள்ளின்னு வைங்க. 5 விழுக்காடுன்னா உங்க பங்கு 900. டிடக்டிபல் 500-ன்னா உங்க பங்கு 500. சில பிளான்ல டிடக்டிபல் 5,000, 10,000-ன்னு பெருசா இருக்கும், அதுக்கு பிரீமியம் நல்லா இறங்கும். கோ-பேமண்ட்டுக்கு உச்ச வரம்பு இருக்கணும்ங்கிறது விதி, அந்த நம்பர் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க. அவசர சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் மாதிரி தொடர் வைத்தியம், அப்புறம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, இதுக்கெல்லாம் அந்த கோ-பேமண்ட் கிடையாது.

பேங்க்ல ஒரு 5,000 வெள்ளி தொடாம வச்சிருக்க முடியும்னா பெரிய டிடக்டிபல் எடுத்து பிரீமியத்த குறைக்கிறது ரிட்டையர் ஆனவங்களுக்கு ரொம்ப நல்ல வழி, சின்ன வியாதிக்கு கவர்மெண்ட், பெரிய இடிக்கு கார்ட். அந்த 5,000 இல்லன்னா வேணாம், அன்னைக்கு யார்கிட்ட போய் கேப்பீங்க?

எனக்கு 64 வயசு, இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். கிடைக்குமா?

கம்பெனிய பொறுத்து. புதுசா சேர வயசு வரம்பு சிலதுல 60, சிலதுல 65, சிலதுல 70. வியாதி இருந்தா மூணுல ஒண்ணு நடக்கும்: பிரீமியத்த ஏத்துவாங்க, அந்த வியாதியும் அதால வர்றதும் கிடையாதுன்னு எழுதிட்டு மத்ததுக்கு குடுப்பாங்க, இல்ல வேணாம்னுடுவாங்க. ரெண்டாவது மாதிரி வந்தா யோசிங்க, இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு கிட்னி, கண்ணு, கால் புண்ணு, இருதயம்னு பாதி வியாதி அதோட சம்பந்தப்பட்டது தான், அதெல்லாம் இல்லாத கார்டுக்கு மாசம் 400 கட்டுறது நியாயமா இருக்குமான்னு. அப்படி ஆளுங்களுக்கு நான் சொல்றது, அந்த 400-ஐ மாசா மாசம் தனி கணக்குல போடுங்க, கூட ஒரு சின்ன ஆஸ்பத்திரி கேஷும் பிஏவும் எடுங்க, கிளினிக் கெசிஹாத்தான் (கவர்மெண்ட் கிளினிக்) அப்பாயிண்ட்மெண்ட்ட மட்டும் விடாதீங்க.

வியாதிய சொல்லாம எழுதிடலாம்னு ஏஜண்ட் சொல்றாரே?

வேணாம். கையெழுத்து போடுறது நீங்க, அவரு இல்ல. பாரத்துல கேட்ட கேள்விக்கு தெரிஞ்சே பொய் சொன்னா, கிளைம் வர்றப்ப ஆஸ்பத்திரி ரெக்கார்டு, கிளினிக் ரெக்கார்டு எல்லாம் எடுத்துப் பாப்பாங்க, பத்து வருஷம் கட்டின காசும் போயிடும். பாரத்தை ஏஜண்ட் நிரப்பினாலும் ஒவ்வொரு வரியையும் பிள்ளைங்கள விட்டு தமிழ்ல படிச்சு சொல்ல சொல்லுங்க. பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள்ள பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்து காச வாங்கிக்கலாம், அந்த 15 நாளும் அதுக்கு தான்.

பழசை விட்டுட்டு புதுசு எடுக்கலாமா? லிமிட் பத்து லட்சம்னு சொல்றாங்க.

எங்க அம்மா கதைய சொல்றேன். அம்மாகிட்ட பழைய கார்ட் ஒண்ணு இருந்துச்சு, வருஷத்துக்கு 60,000 தான் லிமிட். ஒருத்தர் வீட்டுக்கு வந்து, நல்லா தெரிஞ்ச ஆள் தான், "அக்கா இது ஓல்டு பிளான், இப்ப யாரும் இத வச்சிக்கிறது இல்ல"ன்னு சொல்லி பழச நிறுத்திட்டு புதுசுக்கு மாத்திட்டாரு. நாங்க யாரும் வீட்ல இல்ல. மூணாவது மாசம் அம்மாவுக்கு வயித்து வலி, ராத்திரி முழுக்க சுருண்டு கிடந்தாங்க, ஈப்போல பிரைவேட்ல ஸ்கேன் எடுத்தா பித்தப்பைல கல்லு. ஆபரேஷன் பண்ணலாம்னாங்க, கிளைம் ரிஜெக்ட்.

ஏன்னா புது பாலிசில மொத 30 நாளைக்கு விபத்து தவிர வேற எதுவும் கிடையாது, குறிப்பிட்ட வியாதிங்களுக்கு மொத 120 நாளைக்கு கிடையாது. அந்த 120 நாள் லிஸ்ட்ல பித்தக்கல், சிறுநீர்க் கல், ஹெர்னியா, மூலம், இனிப்பு நீர், ரத்த அழுத்தம், இருதய நோய், கட்டிங்க, முட்டி, முதுகுத் தண்டு எல்லாம் இருக்கு, அதாவது வயசானவங்களுக்கு வர்றது முக்கால்வாசி. பழைய கார்டுல இதெல்லாம் எப்பவோ தாண்டியிருந்துச்சு. அம்மா அன்னைக்கு கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு, "நான் பதினாலு வருஷம் கட்டினேனே, அது எங்க போச்சு?" கடைசில கவர்மெண்ட்ல தான் ஆபரேஷன் நடந்துச்சு, நல்லா பாத்துக்கிட்டாங்க, மொத்தம் நூத்துச் சொச்சம் வெள்ளி.

அதனால மாத்தணும்னா புதுசு கைக்கு வந்து, 120 நாள் தாண்டி, என்னென்ன விலக்கி இருக்காங்கன்னு படிச்சப்புறம் தான் பழச விடணும். நாலு மாசம் ரெண்டுக்கும் கட்டுறது வலிக்கும், ஆனாலும் கட்டுங்க. அதே கம்பெனில லிமிட்ட ஏத்தினாலும், ஏத்தின பகுதிக்கு மறுபடி அந்த காத்திருப்பு காலம் வரும், அதையும் கேளுங்க.

பிரீமியம் ஏறுதுன்னு கடுதாசி வந்திருக்கு. என்ன பண்றது?

மொதல்ல கோவத்துல நிறுத்திடாதீங்க. 2021-ல இருந்து 2023 வரைக்கும் மெடிக்கல் கிளைம் செலவு மொத்தமா 56 விழுக்காடு ஏறிடுச்சுன்னு பேங்க் நெகாராவே சொல்லியிருக்கு. பிரைவேட் டாக்டர் ஃபீஸுக்கு சட்டத்துல உச்ச வரம்பு இருக்கு, ஆனா ஆஸ்பத்திரி போடுற மருந்து, சாமான் கணக்குக்கு அப்படி இல்ல, அங்க தான் பில் வீங்குது. மக்கள் சத்தம் போட்டதுனால 2024 டிசம்பர் 20-ல பேங்க் நெகாரா ஒரு இடைக்கால ஏற்பாடு அறிவிச்சுது: ஏத்துறத ஒரே அடியா இல்லாம குறைஞ்சது மூணு வருஷத்துக்கு பிரிக்கணும், 2026 முடியுற வரைக்கும் அது, 80 விழுக்காடு பாலிசிக்காரங்களுக்கு வருஷ ஏத்தம் 10 விழுக்காட்டுக்குள்ள இருக்கணும், 60 வயசுக்கு மேல, அந்த வகைல இருக்கிறதுலயே சின்ன பிளான்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் ஏத்தாம நிறுத்தி வைக்கணும். 2024-ல ஏத்தம் தாங்காம பாலிசிய விட்டவங்க மறுபடி உடம்பு சோதனை இல்லாம சேர வழி பண்ணாங்க. உங்க கடுதாசில இதெல்லாம் கணக்குல எடுத்திருக்காங்களான்னு போன் பண்ணி கேளுங்க, கேக்குறதுக்கு உரிமை இருக்கு.

அப்புறம் பேரம்: ஒரு நாள் ரூம் வாடகை லிமிட்ட 250-ல இருந்து 150-க்கு இறக்கினா எவ்வளவு குறையும், டிடக்டிபல் சேத்தா எவ்வளவு குறையும், ரெண்டையும் எழுத்துல வாங்குங்க. இறக்குறதுக்கு பொதுவா மறுபடி உடம்பு சோதனை கேக்க மாட்டாங்க, ஏத்துறதுக்கு தான் கேப்பாங்க.

மகன் கம்பெனி கார்டுல என்னை சேக்கலாமா?

சில கம்பெனில அப்பா அம்மாவ சேப்பாங்க, பல கம்பெனில பொண்டாட்டி பிள்ளை மட்டும். சேத்தா சந்தோஷம், ஆனா அவன் வேலை மாறினா அன்னைக்கே நின்னுடும், அத நம்பி சொந்த பாலிசிய விடாதீங்க. இன்னும் வேலைல இருக்கிற 50 வயசுக்காரங்களுக்கும் இதையே தான் சொல்றேன், ஆபீஸ் கார்ட் இருக்கிறப்பவே, உடம்பு நல்லா இருக்கிறப்பவே சொந்தமா ஒரு சின்ன கார்ட் எடுத்து வைங்க, ரிட்டையர் ஆனப்புறம் தேடினா அந்த விலைக்கு கிடைக்காது.

ஆஸ்பத்திரி கேஷ் பிளான் பிரயோஜனமா? ஒரு நாளைக்கு 100 வெள்ளி தானே.

பிரைவேட் பில்லுக்கு அது காணாது, ஆனா கவர்மெண்ட் வார்டுல படுக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி. சுங்கை சிப்புட்ல இருந்து ஈப்போக்கு தினமும் போய் வர்ற பெட்ரோல், கிராப் காசு, கூட இருக்கிறவங்க சாப்பாடு, டயப்பர், இதுக்கெல்லாம் எந்த மெடிக்கல் கார்டும் குடுக்காது. உங்க மெடிக்கல் கார்டுலயே கவர்மெண்ட் ஆஸ்பத்திரில படுத்தா நாளுக்கு இவ்வளவுன்னு ஒரு வரி இருக்கும், நெறைய பேர் அத கிளைம் பண்றதே இல்ல, டிஸ்சார்ஜ் பேப்பரும் பில்லும் பத்திரமா வச்சு அனுப்புங்க.

கிரிட்டிக்கல் இல்னஸ் 60-க்கு மேல எடுக்கலாமா?

விலை ரொம்ப அதிகம், புதுசா எடுக்கிறது எனக்கு உடன்பாடு இல்ல. பழசு இருந்தா வச்சிக்கோங்க. அந்த 36 வியாதிக்கும் கம்பெனி சொல்ற இலக்கணம் இருக்கு, ஆரம்ப நிலை புற்றுநோய்க்கு பழைய பாலிசில குடுக்க மாட்டாங்க, பலூன் வச்சு அடைப்பு எடுத்தா முழுத் தொகை வராது, பத்துல ஒரு பங்கு, அதுவும் 25,000 வெள்ளிக்குள்ள.

தக்காஃபுல் (இஸ்லாமிய முறை இன்சூரன்ஸ்) நம்மளுக்கு குடுப்பாங்களா?

குடுப்பாங்க, எந்த மதமா இருந்தாலும். எல்லாரும் சேந்து போடுற ஒரு நிதில இருந்து கிளைம் குடுக்குறது, சில திட்டத்துல வருஷக் கடைசில மிச்சம் இருந்தா பங்கும் வரும். காத்திருப்பு காலம், விலக்கு, பிரீமியம் ஏத்தம் எல்லாம் இதுலயும் உண்டு, விலைய பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து எடுங்க.

இபிஎப் காசுல கட்டலாமா?

ஐ-லிண்டுங்னு இபிஎப்போட ஒரு திட்டம் 2022-ல இருந்து இருக்கு, அதுல உயிர் காப்புறுதியும் கிரிட்டிக்கல் இல்னஸும் வாங்கலாம், இபிஎப் கணக்குல ஒரு பகுதியான அக்காவுன் செஜாத்ரால இருந்து கழிச்சுப்பாங்க. பெரிய வியாதி வந்தா அதே அக்காவுன்ல இருந்து வைத்தியத்துக்கு எடுக்கலாம், பிள்ளைங்களும் தங்களோட இபிஎப்ல இருந்து அப்பா அம்மா வைத்தியத்துக்கு எடுக்கலாம். 55 ஆனவங்க காச மொத்தமா எடுத்து வீட்டுக்கு ஓடு மாத்துறதுக்கும் கல்யாணத்துக்கும் போடுறதுக்கு முன்னாடி, பத்து வருஷ பிரீமியம் எவ்வளவு ஆகும்னு கூட்டிப் பாத்து அத இபிஎப்லயே விட்டு வைங்க, வருஷா வருஷம் டிவிடெண்டும் வரும்.

எதுவுமே வாங்க வசதி இல்லன்னா?

எஸ்டிஆர் (கவர்மெண்ட் ரொக்க உதவி) வாங்குற வீட்ல 40 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு பெக்கா பி40-ன்னு கவர்மெண்ட் சுகாதாரத் திட்டம் இருக்கு. இலவச உடம்பு சோதனை, இருதய ஸ்டெண்ட், செயற்கை முட்டி மாதிரி கருவிக்கு 20,000 வெள்ளி வரைக்கும் உதவி, புற்றுநோய் வைத்தியத்தை முடிச்சா 1,000 வெள்ளி, போக்குவரத்துக்கு தீபகற்பத்துல 500 வெள்ளி வரைக்கும். நான் மேல சொன்னேனே ரெண்டாவது ஓட்டை, அதை இது நேரா அடைக்குது, காசு கட்டாமலே. அது இல்லாதவங்க சுகாதார அமைச்சோட தாபோங் பந்துவான் பெருபாத்தானுக்கு (வைத்திய உதவி நிதி) மனு போடலாம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மருத்துவ சமூக நல அதிகாரின்னு ஒருத்தர் இருப்பாரு, அவர பாக்கணும்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. சாமான் வாங்க காசு இல்லன்னு ஆபரேஷன் தேதிய விட்டுட்டு வீட்ல நொண்டிக்கிட்டு இருக்கிறவங்க நம்ம ஊர்ல இருக்காங்க, கேக்க கூச்சப்படாதீங்க.

கார்ட் இருந்தா போதுமா, நேரா பிரைவேட்டுக்கு போயிடலாமா?

அப்பாவ இருமலும் காய்ச்சலுமா கூட்டிட்டுப் போனப்ப காலைல ஒன்பது மணிக்கு கவுண்டர்ல ஐசியும் (அடையாளக் கார்டு) மெடிக்கல் கார்டும் குடுத்தோம். ஆஸ்பத்திரி டெபாசிட் கேட்டுச்சு, பில்ல நாங்க கட்டுறோம்னு கம்பெனில இருந்து கேரண்டி லெட்டர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்க சொன்னாங்க. கம்பெனி டாக்டர் ரிப்போர்ட் கேட்டுச்சு, டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருந்தாரு, மத்தியானம் ரெண்டு மணிக்கு "இந்த ஆஸ்துமா எப்ப இருந்து?"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு, பழைய கிளினிக் கார்ட தேடி தம்பி வீட்டுக்கு ஓடினான். லெட்டர் வந்தப்ப மணி நாலு பத்து, அப்பா அது வரைக்கும் சக்கர நாற்காலில போர்வைய போத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அதனால முன்கூட்டியே தெரிஞ்ச ஆபரேஷன்னா சில நாள் முன்னாடியே லெட்டர் கேட்டு வைங்க, அந்த ஆஸ்பத்திரி உங்க கம்பெனி பேனல்ல (கம்பெனி ஒத்துக்கிற ஆஸ்பத்திரி லிஸ்ட்) இருக்கான்னு பாருங்க. நெஞ்சு வலி, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, பேச்சு குழறுதுன்னா கார்ட தேடாதீங்க, பக்கத்துல எந்த எமர்ஜென்சி இருக்கோ அங்க போங்க.

கிளைம் ரிஜெக்ட் ஆச்சு, விட்டுடுறதா?

காரணத்தை எழுத்துல கேளுங்க, பாலிசில எந்த வரின்னு காட்ட சொல்லுங்க. கம்பெனிக்கு புகார் எழுதி, அவங்க கடைசி முடிவு வந்த 6 மாசத்துக்குள்ள ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் ஓம்புட்ஸ்மேன் சர்வீஸுக்கு (கம்பெனி மேல உள்ள புகார விசாரிக்கிற அமைப்பு) போகலாம், 2025 ஜனவரில இருந்து இந்த பேர்ல இருக்கு, 250,000 வெள்ளி வரைக்கும் உள்ள விவகாரத்த பாப்பாங்க, நம்மகிட்ட காசு வாங்க மாட்டாங்க. எங்க அம்மா விஷயத்துல விதிப்படி 120 நாள் சரியா இருந்ததால அங்க போக வழி இல்ல.

பிள்ளைங்களுக்கு வரில ஏதாவது கிடைக்குமா?

அப்பா அம்மா வைத்திய செலவுக்கு வருஷம் 8,000 வெள்ளி வரைக்கும் வரிக் கழிவு இருக்கு, ரசீத வாங்கி பத்திரமா வைங்க.

சரி, கடைசியா நான் எதை எடுக்க?

வீட்டைப் பொறுத்து தான். கவர்மெண்ட் பெஞ்சன் இருந்தா, ஒரு பிஏ, ஒரு ஆஸ்பத்திரி கேஷ், மிச்சத்த சேமிப்புல போடுங்க. பெஞ்சன் இல்ல, உடம்பு நல்லா இருக்கு, வயசு 55-ல இருந்து 62-க்குள்ளன்னா, டிடக்டிபல் உள்ள தனி மெடிக்கல் கார்ட், லிமிட் பத்து லட்சம் வேணாம், வருஷத்துக்கு ஒரு லட்சம் ஒன்றரை லட்சம் போதும், ஆனா 75 வயசு பிரீமியத்த டேபிள்ல பாத்து அது உங்களால கட்ட முடியும்னா தான் கையெழுத்து. முடியாதுன்னு இன்னைக்கே தெரிஞ்சா, 74 வரைக்கும் கட்டிட்டு சரியா தேவைப்படுற வயசுல விட வேண்டி வரும், அந்த மாதிரி விட்டவங்க மூணு பேர் எங்க தாமான்லயே (குடியிருப்பு) இருக்காங்க. பழைய பாலிசி இருந்தா அதை காப்பாத்துறது தான் முதல் வேலை. வியாதி ஏற்கனவே இருந்தா, மேல சொன்ன தனி கணக்கு.

வீட்ல என்ன தயாரா வச்சிருக்கணும்?

நான் அப்பா ஐசி பின்னாடி ஒரு சின்ன அட்டை வச்சிருக்கேன். ஒரு பக்கம் பாலிசி நம்பர், கம்பெனி போன் நம்பர், பிரீமியம் கட்ட வேண்டிய தேதி, தம்பி நம்பர். மறுபக்கம் அவரு சாப்பிடுற மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்காது, ஆஸ்துமா எந்த வருஷத்துல இருந்துன்னு. கிளினிக்ல மருந்து மாத்தினா அன்னைக்கு சாயங்காலமே அட்டைய மாத்தி எழுதுவேன், பென்சில்ல தான் எழுதியிருக்கேன்.